அண்ணன் குரலுக்கு மேலே

2014 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். கையில் கிட்டார். டென்னசி மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், வர்ஜீனியா எல்லையை ஒட்டி நான் குடிவந்து அப்போது ஆறு வாரம்கூட ஆகவில்லை. குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும் என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தார். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

"சமைக்கும்போது நீ பாடுவது என் வீட்டு ஜன்னல் வரைக்கும் கேட்கிறது. சுருதி அசையாமல் நிற்கிறது. எனக்கு ஒரு உதவி வேண்டும்" என்றார்.

அவர் டெனர் பாடுகிறவர். முக்கிய மெட்டைப் பாடுகிறவருக்கு மேலே, அதற்கு இசைவாக இன்னொரு மெட்டைச் சேர்த்துப் பாடுவது டெனரின் வேலை. கீழே மெட்டைப் பாடுகிறவரை இந்த ஊரில் லீட் என்கிறார்கள். அவருக்கு லீட் பாடியவர் அவருடைய அண்ணன். நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருஷம் வேலை செய்து, கரித்தூள் படிந்த நுரையீரலோடு இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். சர்ச் விருந்து, தீயணைப்பு நிலையத்து நிதி திரட்டும் சாப்பாடு, யாருடைய வீட்டுக் கல்யாணம் என்று இரண்டு பேரும் நாற்பது வருஷம் சேர்ந்து பாடியவர்கள். கூட ஒரு ஃபிடில், ஒரு பாஞ்சோ, ஒரு பெரிய பேஸ். இப்போது வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள், கீழ்க்குரல் இல்லை.

"டெனரைத் தனியாகப் பாட முடியாது. ஏணி இல்லாமல் மேல்படியில் மட்டும் எப்படி நிற்பது?" என்றார்.

அவர் வீட்டு முன்பக்கத்தில் மரப்பலகை வேய்ந்த தாழ்வாரம் உண்டு. நான் அதைத் திண்ணை என்றுதான் சொல்வேன். அங்கே உட்காரவைத்து ஒரு பழைய தேவாலயப் பாட்டின் முதல் நாலு வரியைச் சொல்லிக்கொடுத்தார். மெட்டு சுலபம், பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டேன். நான் ஆரம்பித்ததும் அவர் மேலே சேர்ந்தார். இரண்டாவது வரி முடிவதற்குள் நானும் மேலே போய் அவர் பாடுகிற சுவரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நிறுத்தினார். திரும்ப ஆரம்பித்தோம். திரும்பவும் அதே கதை. நாலாவது தடவை நான் நழுவத் தொடங்கும்போது, கிட்டாரிலிருந்து வலதுகை ஆள்காட்டி விரலை எடுத்துத் தரையைக் காட்டினார். கீழே நில். என்னைத் தேடி மேலே வராதே.

எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குப் புரியவில்லை. நான் வளர்ந்தது மார்கழி பஜனையில். விடியற்காலை நாலரை மணிக்கு அண்ணன் என்னை உலுக்கி எழுப்புவான். பெருமாள் கோயில் மண்டபத்தில் ஆர்மோனியப் பெட்டியும் ஜால்ராவும் காத்திருக்கும். அண்ணன் முதல் அடி எடுத்துக்கொடுப்பான், நாங்கள் வாங்கிப் பாடுவோம். இருபது பேர் பாடினாலும் ஒரே மெட்டு, ஒரே சுவரம். யாராவது விலகினால் பஜனை மாமா ஜால்ராவாலேயே தலையில் தட்டுவார். கூட்டத்தின் குரலோடு என் குரல் கரைவதுதான் பக்தி என்று எட்டு வயசிலிருந்து பழகிய தொண்டை இது. பக்கத்தில் ஒருவர் வேறு சுவரத்தில் நின்றால், போய் அவரோடு சேர்ந்துகொள்ளத்தான் அதற்குத் தெரியும். சேர்ந்து பாடியும் சேராமல் நிற்பது எனக்குப் புதுசு.

அந்தக் குளிர்காலம் முழுக்க சனிக்கிழமைதோறும் போனேன். பாட்டு ஓய்ந்த நேரத்தில் அவர் ஸ்டான்லி சகோதரர்களின் பழைய ரெக்கார்டுகளைப் போடுவார். கார்ட்டர் ஸ்டான்லி அண்ணன், ரால்ஃப் ஸ்டான்லி தம்பி. இவர் பிறந்து வளர்ந்த டிக்கென்சன் கவுண்டிக்காரர்கள். இவருக்கும் இவர் அண்ணனுக்கும் மட்டுமில்லை, அந்த மலைப்பகுதியில் கிட்டார் தூக்கிய எல்லாச் சகோதரர்களுக்கும் அவர்கள்தான் அளவுகோல்.

அமெரிக்காவில் சகோதரர்கள் சேர்ந்து பாடுவது தனி மரபாகவே வளர்ந்திருக்கிறது. முப்பதுகளில் அலபாமாவின் டெல்மோர் சகோதரர்கள், கென்டக்கியின் மன்ரோ சகோதரர்கள், பிற்பாடு லூவின் சகோதரர்கள் என்று வரிசை பெரிது. லூவின் சகோதரர்களின் குரல் ஒட்டுதலில் ஒரு நூலிழை இடைவெளி கிடையாது. ஆனாலும் நான் ஸ்டான்லிகள் பக்கம்தான் சாய்கிறேன். லூவின்கள் பாடும்போது இரண்டு குரல் ஒன்றாகிவிடுகிறது. ஸ்டான்லிகளிடம் கடைசி வரைக்கும் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். கார்ட்டரின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிற மாதிரி இருக்கும். ரால்ஃபின் குரல் எதிர்மலையிலிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி.

கார்ட்டர் பிறந்தது 1925 ஆகஸ்டில், ரால்ஃப் 1927 பிப்ரவரியில். தென்மேற்கு வர்ஜீனியாவின் கிளிஞ்ச் மலைப் பக்கம் மேடும் பள்ளமுமான ஊர். அப்பா லீ மரம் வெட்டி அறுக்கும் தொழில் செய்தவர். வாத்தியம் எதுவும் வாசிக்க மாட்டார், ஆனால் பாடுவார். அம்மா லூசி பாஞ்சோ வாசிப்பார். ரால்ஃப் எத்தனையோ பேட்டிகளில் சொன்ன கதை ஒன்று உண்டு. சின்ன வயசில் அம்மா அவரிடம், "ஒரு பெண்பன்றிக்குட்டியும் ஐந்து டாலர், ஒரு பாஞ்சோவும் ஐந்து டாலர். என்னால் ஒன்றுதான் வாங்கித் தர முடியும், எது வேண்டும்?" என்று கேட்டாராம். ரால்ஃபுக்கு அப்போது கால்நடை மருத்துவராக ஆசை. இருந்தும் பாஞ்சோவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மாவே உட்கார்ந்து முதல் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார்.

அம்மா வாசித்த பாணியைப் பெரியவர் எனக்குச் செய்து காட்டினார். பாஞ்சோவுக்கு ஐந்து தந்தி. ஐந்தாவது மட்டும் குட்டை, அதன் முறுக்காணி கழுத்தின் நடுவில் பக்கவாட்டில் இருக்கும். வலதுகையைப் பறவையின் நகம்போல மடக்கி, ஆள்காட்டி விரலின் நகத்தால் தந்தியை மேலிருந்து கீழே அடிக்க வேண்டும், மீட்டக் கூடாது. கை இறங்கும்போதே கட்டைவிரல் அந்தக் குட்டைத் தந்தியில் போய் உட்கார்ந்துகொள்ளும், கை எழும்பும்போது அதைச் சுண்டிவிடும். பம்-டிட்டி, பம்-டிட்டி என்று ஓடும். அந்தக் குட்டைத் தந்தி பாட்டு எங்கே போனாலும் தன் ஒரே சுவரத்தில் நின்று ஒலித்துக்கொண்டே இருக்கும். தம்புராவோடு வளர்ந்த காதுக்கு உடனே ஒட்டிக்கொள்கிற சத்தம். எனக்குக் கட்டைவிரல் ஒரு மாதம் வரைக்கும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

பாட்டு வந்தது வீட்டிலிருந்து பாதி, சர்ச்சிலிருந்து பாதி. ஸ்டான்லிகள் போன சர்ச் பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் மரபு. உள்ளே வாத்தியம் நுழையக் கூடாது. பாட்டுப் புத்தகமும் எல்லார் கையிலும் இருக்காது. முன்னால் நிற்கும் ஒருவர் ஒரு வரியை வேகமாகச் சொல்லிவிட, சபை முழுக்க அதையே இழுத்து இழுத்து, ஒவ்வொரு எழுத்திலும் வழுக்கி ஏறி இறங்கிப் பாடும். முதல் தடவை பெரியவர் ஒரு பதிவைப் போட்டபோது எனக்கு மண்டபத்துக் குளிர் ஞாபகம் வந்துவிட்டது. எடுத்துக்கொடுப்பவர் ஒருவர், வாங்கிப் பாடும் கூட்டம், எல்லாருக்கும் ஒரே மெட்டு. இவர்களும் ஒற்றைக் குரல் கோயிலில் வளர்ந்தவர்கள்தான். அப்புறம்தான் அண்ணனும் தம்பியும் இரண்டு குரலாகப் பிரிந்து நிற்கக் கற்றார்கள். அது தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்தது.

இரண்டாம் உலகப் போரில் இரண்டு பேரும் ராணுவத்தில் இருந்தார்கள். ரால்ஃப் ஜெர்மனியிலிருந்து 1946 அக்டோபரில் ஊர் திரும்பினார். அந்த வருஷக் கடைசியில் கிளிஞ்ச் மலைப் பையன்கள் என்ற பெயரில் குழு கட்டி, பிரிஸ்டல் ஊர் வானொலியில் பாடப் போய்விட்டார்கள்.

பிரிஸ்டல் எங்கள் வீட்டுக்குப் பக்கம். அதன் கடைத்தெருவின் பெயரே ஸ்டேட் தெரு. நடுவில் பித்தளைத் தகடு பதித்து எல்லை காட்டியிருக்கிறார்கள். ஒரு பக்க நடைபாதை வர்ஜீனியா, எதிர்ப்பக்கம் டென்னசி. 1927 கோடையில் ரால்ஃப் பியர் என்ற ரெக்கார்டு கம்பெனிக்காரர் அங்கே ஒரு தொப்பிக் கடைக் கட்டடத்தில் கருவிகளை இறக்கி, மலைக்காட்டுப் பாட்டுக்காரர்களை வரவழைத்துப் பதிவு செய்தார். கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக் குழுவும் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலில் பதிவானது அந்த நாட்களில்தான். அதே வருஷம் பிறந்த ரால்ஃப் ஸ்டான்லி, பத்தொன்பது வயசில் அதே ஊரில் மைக் முன்னால் நின்றார்.

நிகழ்ச்சி மத்தியான நேரம். வயலிலிருந்தும் வீட்டு வேலையிலிருந்தும் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் பார்த்து, சந்தை விலையும் விளம்பரமும் பாட்டும் கலந்து வரும். வானொலிக்காரர்கள் கொடுத்த காசு பெரிசில்லை. ஆனால் இன்றைக்கு ராத்திரி எந்தப் பள்ளிக்கூடத்தில் பாடப்போகிறோம் என்று மைக்கில் சொல்லிக்கொள்ளலாம். பள்ளிக்கூட ஹால், சுரங்க ஊர்க் கொட்டகை, கோர்ட்டு வளாகம் என்று ஒவ்வொரு ராத்திரியும் ஒரு மலையைத் தாண்டிப் போய்ப் பாடிவிட்டு, மறுநாள் மத்தியானத்துக்குள் திரும்பி வர வேண்டும். பாட்டுப் புத்தகம் விற்பார்கள், போட்டோ விற்பார்கள். பிற்பாடு திறந்தவெளி சினிமாக் கொட்டகைகளில் தின்பண்டக் கடையின் கூரைமேல் ஏறி நின்றும் பாடியிருக்கிறார்கள். கீழே கார்களில் உட்கார்ந்திருப்பவர்கள் கைதட்டுவதற்குப் பதில் ஹார்ன் அடிப்பார்களாம். இதைப் பெரியவர் சொல்லும்போது கண் மினுங்கும். அப்படி ஹார்ன் அடித்தவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர்.

நின்று பாடிய விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு மைக். லீட் பாடுகிறவர் நேராக நிற்பார். டெனரின் குரல் கூர்மையானது, கிட்டே வந்தால் மற்றதையெல்லாம் கிழித்துவிடும். அதனால் அரை அடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து, அண்ணனின் வாயைப் பார்த்தபடி பாடுவார். லீட்டுக்குப் பாட்டு முன்கூட்டியே தெரியும், டெனருக்கு ஒவ்வொரு அடியும் அந்தக் கணத்தில்தான் தெரியும். அண்ணன் எந்த எழுத்தை இழுப்பான், எங்கே மூச்சு வாங்குவான், எங்கே சுருக்கென்று வெட்டுவான் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அண்ணன் சட்ஜத்தில் நின்றால் தம்பி காந்தாரத்தில். அண்ணன் காந்தாரத்துக்கு ஏறினால் தம்பி பஞ்சமத்துக்கு. அண்ணன் பஞ்சமம் தொட்டால் தம்பி மேல் சட்ஜத்துக்குத் தாவியாக வேண்டும். கார்ட்டர் வேண்டுமென்றே உச்சிச் சுருதியில் பாட்டை எடுப்பார். அதற்கு மேலே ரால்ஃப் ஏறுவதைக் கேட்கும்போது இன்றைக்கும் எனக்கு அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது.

1949-ல் கொலம்பியா ரெக்கார்டு கம்பெனிக்குப் பதிவு செய்தபோது இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாண்டலின் வாசித்த பீ வீ லாம்பர்ட், ரால்ஃபுக்கும் மேலே மூன்றாவது குரலை வைத்தார். மூன்று பேரும் சேரும் இடத்தில் நெஞ்சு அப்படியே நின்றுவிடும். அந்தக் காலத்துப் பாட்டுகளில் பாதிக்கு மேல் கார்ட்டர் எழுதியவை. பெற்றோரை இழந்த மகன் மலையைப் பார்த்து அழுகிற மாதிரி ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். அப்பாவும் அம்மாவும் அப்போது உயிரோடுதான் இருந்தார்கள். வராத துக்கத்தை முன்கூட்டியே பாடிப் பார்ப்பது அந்த மலைக்காரர்களின் சுபாவமோ என்னவோ. நம் ஊரில் ஒப்பாரியை வாசலில் பிணம் இல்லாதபோது பாடக் கூடாது என்று பாட்டி அதட்டுவாள்.

ஸ்டான்லிகள் அச்சு அசலாகப் பின்பற்றியது, மன்ரோ சகோதரர்களில் தம்பியான பில் மன்ரோவை. 1948-ல், மன்ரோ மேடையில் பாடிக்கொண்டிருந்த ஒரு குதிரைப் பந்தயப் பாட்டை, அவருடைய சொந்தப் பதிவு கடைக்கு வருவதற்கு முன்பே ஸ்டான்லிகள் ரெக்கார்டாகப் போட்டுவிட்டார்கள். அதுவும் போதாதென்று மன்ரோ இருந்த கொலம்பியா கம்பெனியே இவர்களையும் எடுத்துக்கொண்டது. மன்ரோ கோபித்துக்கொண்டு டெக்கா கம்பெனிக்குப் போனார். ஆனால் 1951-ல் ஸ்டான்லிகளுக்குக் கைமுட்டு வந்தபோது கார்ட்டருக்குத் தன் குழுவில் வேலை கொடுத்ததும் அதே மன்ரோதான். மன்ரோவும் அண்ணனைப் பிரிந்த தம்பி. அவரும் சார்லியும் 1936-லிருந்து இரண்டு வருஷத்துக்குள் அறுபது பாட்டுகள் பதிவு செய்துவிட்டு 1938-ல் பிரிந்தார்கள். அந்தப் பிரிவிலிருந்து பிறந்ததுதான் புளூகிராஸ் என்று இன்றைக்கு உலகம் சொல்லும் இசை. ரால்ஃப் தன் பாட்டை அந்தப் பெயரால் அழைக்கக் கடைசிவரை தயங்கினார். பழைய காலத்து மலைப்பாட்டு என்றுதான் சொல்வார்.

இப்படி அண்ணன் தம்பி பாடும்போது குரல் ஒட்டுவதை ரத்த இசைவு என்று இங்கே சொல்கிறார்கள். ஒரே ரத்தம், ஒரே மாதிரித் தொண்டை, அதனால் ஒட்டுகிறது என்பது நம்பிக்கை. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. பெரியவரோடு பாடி நான் கண்டது வேறு. என் குரல் சுருதியில் சரியாக நின்ற நாட்களிலும் எங்கள் பாட்டில் ஏதோ ஒரு மூலை முட்டிக்கொண்டே இருந்தது. காரணம் உயிரெழுத்து. அவர் 'லைட்' என்பதை 'லாட்' மாதிரி வாயை அகட்டி இழுப்பார், நான் பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் மூடிவிடுவேன். அவர் வாயசைவைப் பார்த்து அவரைப் போலவே அகட்டத் தொடங்கிய பிறகு முட்டல் போயிற்று. ஒரே அடுப்படியில் சாப்பிட்டு, ஒரே அம்மாவிடம் திட்டு வாங்கி, ஒரே சர்ச் பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு உயிரெழுத்து ஒரே அச்சில் வார்த்திருக்கும். ரத்தத்தைவிட அதுதான் ஒட்டுகிறது. நம் ஆலத்தூர் சகோதரர்கள் உண்மையில் உடன்பிறந்தவர்களே இல்லையே. ஒருவர் குருவின் மகன், இன்னொருவர் அதே குருவின் சிஷ்யர். ஒரே வீட்டில் ஒரே பாடம் கற்ற குரல்கள் அண்ணன் தம்பியாகவே ஊருக்குக் கேட்டன.

2015 தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப்பில் என் அண்ணனுக்கு ஒரு ஸ்டான்லி பாட்டை அனுப்பினேன். அண்ணன் ஊரில் உரக்கடை வைத்திருக்கிறான். அப்பா போன வருஷத்திலிருந்து பஜனைக்குப் போவதை நிறுத்திவிட்டான். கடை சாத்திவிட்டுக் கூப்பிட்டான்.

"டேய், ரெண்டு பேரும் வேற வேற பாட்டுப் பாடுறானுங்களா?"

"இல்லண்ணே, ஒரே பாட்டுதான். ஒருத்தர் மெட்டு, இன்னொருத்தர் அதுக்கு மேல."

"இதுல தம்பி யாரு?"

"மேல பாடுறவரு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் கடைத்தெரு மினிபஸ் ஹார்ன் கேட்டது.

"அண்ணன் இருக்காரா இன்னும்?"

"இல்ல. 1966-லயே போயிட்டாரு. நாப்பத்தோரு வயசு."

"அப்புறம் தம்பி என்ன பாடுனாரு?"

என் அண்ணன் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் நான் இத்தனை நாளும் கேட்டிருக்க வேண்டும். ரெக்கார்டு, கம்பெனி, வருஷம் என்று சேர்த்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பதுகளின் பின்பாதியில் ராக் அண்ட் ரோல் வந்து கிராமத்துக் குழுக்களின் பிழைப்பைத் தின்றது. சுரங்கங்களில் இயந்திரம் வந்து ஆள் குறைந்தது. கேட்டுக்கொண்டிருந்த குடும்பங்கள் ஒகாயோ, மிச்சிகன் தொழிற்சாலைகளுக்குக் குடிபெயர்ந்தன. ஸ்டான்லிகள் 1958-ல் ஃபுளோரிடாவின் லைவ் ஓக் ஊருக்குப் போய்விட்டார்கள். புதிதாகச் சேர்ந்த கிங் கம்பெனியின் முதலாளி சிட் நேதன் மாண்டலினைக் குறை, கிட்டாரை முன்னால் வை என்றார். அவர் சொன்னதற்காக விரல் சொடுக்குகிற ஒரு நடனப் பாட்டைக்கூடப் பதிவு செய்தார்கள். கேட்டால் மனசு கஷ்டப்படும், நான் ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அதே நெருக்கடியில் ஜார்ஜ் ஷஃப்லர் தந்திக்குத் தந்தி தாவி வாசிக்கும் கிட்டார் பாணி அவர்களிடம் வந்து சேர்ந்தது, அது அழகு. கார்ட்டரின் குடி அதிகமானது. மேடையில் பேசுவது, கூட்டத்தைச் சிரிக்கவைப்பது, பாட்டு எழுதுவது, எந்தப் பாட்டு அடுத்தது என்று முடிவு செய்வது எல்லாம் கார்ட்டர். ரால்ஃப் பேசவே கூச்சப்படுகிறவர். 1966 டிசம்பர் 1-ஆம் தேதி கார்ட்டர் பிரிஸ்டலில் ஈரல் கெட்டு இறந்தபோது ரால்ஃபுக்கு வயது 39. இருபது வருஷம் அண்ணன் வாயையே பார்த்துப் பாடியவர்.

விட்டுவிடலாமா என்று யோசித்திருக்கிறார். ரசிகர்கள் எழுதிய கடிதங்கள் குவிந்தன. பாடினார். எப்படிப் பாடினார் என்பதில்தான் என் அண்ணனுக்கான பதில் இருக்கிறது. அவர் லீட்டுக்கு மாறவில்லை. அண்ணன் நின்ற இடத்தில் வேறு ஒருவரை நிறுத்திவிட்டு, தான் பழையபடி அரை அடி பின்னால் நின்றார். முதலில் லாரி ஸ்பார்க்ஸ். பிறகு ராய் லீ சென்டர்ஸ், கண்ணை மூடினால் கார்ட்டர் என்றே சத்தியம் செய்யலாம், அப்படி ஒரு குரல். அவரை 1974-ல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பிறகு கீத் விட்லி. இந்த விட்லி கிடைத்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1970-ல் மேற்கு வர்ஜீனியாவில் ஃபோர்ட் கே என்ற ஊரில் கச்சேரி. டயர் பஞ்சராகி ரால்ஃப் நேரம் கழித்து வருகிறார். உள்ளே ஸ்டான்லி சகோதரர்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். ரெக்கார்டு ஓடுகிறது என்று நினைத்து உள்ளே போனால், மேடையில் பதினாறு வயசுப் பையன்கள் இரண்டு பேர். விட்லியும் ரிக்கி ஸ்காக்ஸும். கூட்டம் கலையாமல் இருக்க அவர்களை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். தானும் அண்ணனும் இருபது வருஷத்துக்கு முன்னால் பாடிய குரலை வாசலில் நின்று கேட்ட அந்த நிமிஷத்தை நான் பல ராத்திரி நினைத்துப் பார்த்திருக்கிறேன். இருவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஸ்காக்ஸ் பெரிய நட்சத்திரம் ஆனார். விட்லியும் ஆனார், கார்ட்டரைப் போலவே குடியால் 1989-ல் போனார். விட்லி குழுவை விட்டுப் போன பிறகு சார்லி சைஸ்மோர், பிறகு ரால்ஃபின் சொந்த மகன். அண்ணனின் இடம் ஒருநாளும் காலியாக இருக்க அவர் விடவில்லை.

இன்னொன்றும் செய்தார். எழுபதுகளின் தொடக்கத்தில், வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு, நாலு பேர் வெறும் குரலில் சர்ச் பாட்டுப் பாடுவதை மேடைக்குக் கொண்டுவந்தார். குழந்தையில் கேட்ட ஒற்றைக் குரலுக்கு மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. 2000-ல் வெளிவந்த, ஹாலிவுட் இயக்குநர்கள் கோயன் சகோதரர்களின் படத்துக்காக, சாவை நேரில் பார்த்துக் கெஞ்சுகிற ஒரு பழைய மலைப்பாட்டைப் பாடச் சொன்னார்கள். இசையமைப்பை மேற்பார்த்த டி போன் பர்னெட் முதலில் பாஞ்சோவோடு கேட்டார். என்னைத் தனியாகப் பாடவிடுங்கள், எங்கள் சர்ச்சில் பாடுகிற மாதிரி பாடுகிறேன் என்று ரால்ஃப் கேட்டுக்கொண்டார். கூட லீட் இல்லை, தந்தி இல்லை. அந்தப் பாட்டுக்கு 2002-ல் கிராமி கிடைத்தபோது அவருக்கு வயது 75. அந்தப் பதிவைக் கேட்டபோது ஏணியைப் பற்றிப் பெரியவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அண்ணன் இல்லாத முப்பத்து நாலு வருஷம் கழித்து ஏணி இல்லாமல் நின்று காட்டிவிட்டார். ஆனால் கூர்ந்து கேட்டால் அந்தத் தனிக்குரலிலும் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விடுகிறார். அது மூச்சுக்குத் தேவையான அளவைவிடக் கொஞ்சம் அதிகம்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். "சரிடா, கடையில ஆள் வந்திருக்கு" என்று வைத்துவிட்டான்.

2016 ஜூன் 23 ராத்திரி ரால்ஃப் இறந்த செய்தி வந்தது. 89 வயது. பெரியவர் வீட்டில் திண்ணை விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் போனேன். மேசையில் பழைய கேசட் பிளேயர். அவரும் அவருடைய அண்ணனும் எப்போதோ ஒரு சர்ச் விருந்தில் பாடியதை யாரோ பதிவு செய்த நாடா. அண்ணன் குரல் கணீரென்று முன்னால் நின்றது, தட்டும் கரண்டியும் மோதுகிற சத்தத்துக்கு நடுவில். இவர் குரல் எங்கோ தூரத்தில். வழக்கம்போல மைக்கிலிருந்து தள்ளி நின்றிருக்கிறார். இத்தனை நாள் வீட்டில் தனியாக இருக்கும்போது இதைப் போட்டு, அண்ணன் குரலுக்கு மேலே திரும்பவும் பாடுவதாகச் சொன்னார். அதற்காகத்தான் நான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கிட்டாரை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

வாங்கினார். சுருதி பார்த்தார். கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதியை மாற்றும் கேப்போவை இரண்டு கட்டை கீழே இறக்கினார். முதல் சனிக்கிழமை எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே தேவாலயப் பாட்டு. நான் கீழ்க்குரலில் எடுக்க வாய் திறந்தபோது அவர் முந்திக்கொண்டார். அவர் பாடியது மெட்டு. தன் அண்ணனின் பகுதி. இரண்டு வருஷத்தில் அவர் கீழே பாடி நான் கேட்டதில்லை. அந்த உயரத்தில் அவர் குரல் வேறு ஆளாக இருந்தது, தடித்து, கொஞ்சம் கரகரத்து, கேசட்டில் அப்போதுதான் கேட்ட குரலைப் போலவே.

நான் காந்தாரத்தைத் தேடி ஏறினேன். முதல் வரியில் நின்றேன். இரண்டாவது வரியில் அவர் மூச்சு வாங்கும் இடம் தெரியாமல் அரைக் கணம் முந்தினேன். அவர் வாயைப் பார்க்கத் தொடங்கினேன். மூன்றாவது வரியில் பழைய பழக்கம் கழுத்தைப் பிடித்து இழுத்தது, அவர் சுவரத்துக்கு நழுவி இறங்கத் தொடங்கினேன்.

பாட்டை நிறுத்தாமல், தந்தியிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் எடுத்து மேலே காட்டினார்.